வேகன்ஆர் கிளட்ச்: 1,900 ரூபாய் செட்டா, 4,300 ரூபாய் செட்டா? (வாரம் மூன்று தடவை ஏற்காடு ஏறும் வண்டி)

நாகலூர்_மிளகு
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2013 வேகன்ஆர், பெட்ரோல், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கிளட்ச் இதுவரை மாற்றியதே இல்லை. வீடு சேலம் அஸ்தம்பட்டி. மாமனாருக்கு ஏற்காடு மலைமேல் நாகலூர் பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது. அவருக்கு முட்டி வலி வந்த பிறகு வாரத்துக்கு மூன்று தடவை நான்தான் ஏறி இறங்குகிறேன்.

போன ஞாயிறு எட்டாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. பன்னிரண்டாவதில் கருகல் வாடை. பின்னால் இருந்த மாமியார், "யாரோ சைக்கிள் டயரைக் கொளுத்துறாங்க" என்றார். நான் மறுக்கவில்லை.

விசாரித்ததில் மூன்று விலை சொல்கிறார்கள். பெயரே கேள்விப்படாத லோக்கல் செட் (பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தது) 1,900. கிளட்ச் தயாரிக்கும் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வருவது 3,200. கார் கம்பெனிப் பெட்டியில் வருவது 4,300. எதைப் போட்டாலும் லேபர் 2,500. "மூன்றுக்குள்ளும் ஒரே சாமான்தான், பெட்டிக்குத்தான் காசு" என்கிறார் ஒரு கடைக்காரர். உண்மையா?

டவுன்வண்டி
1,900 போடுங்க, வேலை முடிந்தது. என் ஆல்டோவில் லோக்கல் செட்தான். மூன்று வருஷம், 26,000 கி.மீ., ஒரு குறையும் இல்லை. இத்தனை வயசான வண்டிக்கு 4,300 கொடுப்பது வீண்.

ஏற்காடு_டாக்ஸி
டவுன்வண்டி அண்ணா, உங்க வண்டி ஏறுகிற பெரிய மலை எது? ஐந்து ரோடு மேம்பாலமா?

டவுன்வண்டி
சிரிங்க. காசு என்னவோ என் பாக்கெட்டில்தான் இருக்கு.

ஸ்பேனர்14
கொண்டலாம்பட்டியில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் கிளட்ச் போனதா என்று பாருங்க தம்பி.

உங்க வண்டியில் கேபிள் கிளட்ச். பெடலைக் கையால் அமுக்கினால் ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். அந்த ஆட்டம் இல்லை என்றால் கேபிள் இறுகி, பெடல் அமுக்கும்போது மட்டும் தள்ள வேண்டிய ரிலீஸ் பேரிங், பிளேட்டை இன்ஜினோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை எப்போதும் லேசாக அமுக்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். காலை எடுத்தாலும் பிளேட் முழுசாகப் பிடிக்காது, நழுவும். அதற்குக் கேபிள் நட்டைத் திருப்பினால் போதும், செலவு ஒரு டீ. பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் தானாகக் குறையும். அதனால்தான் சர்வீஸுக்குச் சர்வீஸ் பார்க்கச் சொல்வது.

ஆட்டம் சரியாக இருந்தால் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை விடுங்க. எதிரில் ஆள் நிற்கக் கூடாது. இன்ஜின் அடைத்து நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் சுற்றினால் போயிற்று. ஒரே ஒரு தடவை செய்தால் போதும், நாலு தடவை செய்தால் நல்ல கிளட்சும் போய்விடும்.

நாகலூர்_மிளகு
பார்த்தேன் அண்ணா. பெடல் ஆட்டம் விரல் அகலம் இருக்கிறது. காலையில் வண்டி குளிர்ந்திருந்தபோது இன்ஜின் டப்பென்று நின்றது. சாயங்காலம் அடிவாரம் வரை போய்வந்து சூடாக இருக்கும்போது செய்தால், தொண்டை கட்டின மாதிரி முனகிக்கொண்டே கொஞ்ச நேரம் சுற்றி, அப்புறம்தான் நின்றது.

ஸ்பேனர்14
குளிரில் பிடித்து, சூட்டில் விடுகிறதா? சரி, இதை மனசில் வைத்துக்கொள்கிறேன். கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும்.

கவுன்ட்டர்காரன்
ஸ்பேர்ஸ் கடையில் நிற்கிறவன் நான். "மூன்றும் ஒரே சாமான்" என்பதில் பாதி உண்மை, பாதி வியாபாரம்.

கார் கம்பெனி கிளட்ச் செய்வதில்லை, வாங்குகிறது. செய்கிறவர்கள் வேறு ஆட்கள்: வேலியோ, லூக், எக்ஸெடி, சாக்ஸ் மாதிரி. லூக் வெகுதூரம் இல்லை, நம்ம ஓசூரில்தான் தொழிற்சாலை வைத்தார்கள். (ஓசூரும் 1965 வரை சேலம் மாவட்டம்தானே, "நம்ம" என்றால் தப்பில்லை.) இவர்கள் செய்யும் சாமான் கார் கம்பெனிப் பெட்டிக்குள்ளும் போகும், சொந்தப் பெட்டியிலும் கடைக்கு வரும். ஆக 3,200-க்கும் 4,300-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி பெட்டிக்குத்தான். அந்த அளவுக்குக் கடைக்காரர் சொன்னது சரி. 1,900-ஐயும் அதே கணக்கில் சேர்த்ததுதான் வியாபாரம். அது யார் செய்தது என்று பெட்டியிலேயே பல சமயம் இருக்காது.

ஆனால் ஒரு மாடலுக்கு ஒரே கம்பெனிதான் சப்ளை செய்யும் என்றும் இல்லை. பழைய பிளேட்டைக் கழற்றியதும் அதன் நடுப்பகுதியிலோ பிரஷர் பிளேட் மூடியிலோ செய்தவர் பெயர் பொறித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அதே பெயருள்ள பெட்டியை வாங்கினால், 92,000 ஓடிய அதே ஜாதிச் சாமான் திரும்ப வருகிறது. இதை யாரும் செய்வதில்லை. பிளேட்டை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு வந்து "நல்லதாக் கொடுங்க" என்பார்கள்.

இன்னொன்று. கடையில் "வேகன்ஆர் கிளட்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். 2010-க்கு முந்தையது 1,061 சிசி பழைய இன்ஜின். உங்களுடையது கே10, 998 சிசி. 2019-க்கு அப்புறம் வந்த வண்டி வேறு, அதில் 1.2 லிட்டரும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தைக் கையில் கொண்டுவாருங்கள். சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பர் பார்த்துக் கொடுப்பவர்தான் கடைக்காரர்.

டவுன்வண்டி
பெட்டியில் பெயர் இருந்தால் ஒரிஜினலா? டூப்ளிகேட் பெட்டியே அச்சடித்து விற்கிறார்களே. அப்போ 3,200 கொடுத்து 1,900 சாமானை வாங்கின கதைதான்.

கவுன்ட்டர்காரன்
இது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். லோக்கல் செட்டாவது "நான் லோக்கல்" என்று சொல்லிவிட்டு வருகிறது. டூப்ளிகேட்தான் மோசம். எம்.ஆர்.பி. ஸ்டிக்கர், பார்ட் நம்பர், ஹோலோகிராம் எல்லாம் பாருங்கள். ஆனால் அதைவிட முக்கியம் ஜி.எஸ்.டி. பில். பில் போட்டு, பார்ட் நம்பரையும் அதில் எழுதிக் கொடுக்கிறவர் டூப்ளிகேட் விற்க யோசிப்பார். "பில் இல்லாமல் முந்நூறு குறைச்சுக்கலாம்" என்கிற இடத்தில் உங்களுக்குக் குறைவது முந்நூறு மட்டும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கிளட்ச் சாமானுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. பழைய ஸ்டிக்கரைக் காட்டிப் பழைய விலை சொன்னால் இதையும் கேளுங்கள்.

சங்ககிரி_லாரி
ஏன் புதுசு? பழைய பிளேட்டில் ஃபேஸிங்கை (உரசிப் பிடிக்கும் மேல்பட்டை) மட்டும் மாற்றி ரிவெட் அடித்தால் பாதிக் காசு. எங்க லாரிக்கு எத்தனை வருஷமாக அப்படித்தான்.

ஸ்பேனர்14
லாரிக்குச் சரிங்கண்ணா, அது பெரிய பிளேட், கனம். காருக்கு வரும் பிளேட் சிட்டு மாதிரி. ரிவெட் அடிக்கும்போது கொஞ்சம் கோணினாலும் கியர் விழாது, எடுக்கும்போது உதறும். நடுவில் இருக்கும் ஸ்பிரிங்கும் பழசாகவே இருக்கும்.

இப்போ தம்பி கேட்டதற்கு வருகிறேன். பழமொழி ஒன்று உண்டே, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று. கிளட்ச் விஷயம் அச்சு அசல் அதுதான். பேட்டரியை எடுத்து, ஆக்ஸிலை உருவி, இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸை இறக்கினால்தான் பிளேட் கண்ணுக்கே தெரியும். 1,900 செட்டும் லேபரும் சேர்த்து 4,400. 3,200 செட்டும் லேபரும் 5,700. வித்தியாசம் 1,300. லோக்கல் செட் ஒரு தடவை மக்கர் செய்தால் இன்னொரு 4,400, அத்தோடு ஒரு நாள் வண்டி இல்லை, மலையிலிருந்து கட்டி இழுத்துவந்த கூலி தனி.

மக்கர் என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன், சும்மா பயமுறுத்துகிறான் என்று நினைக்கக் கூடாது. என் பட்டறையில் கழற்றிப் பார்த்தவை: பிளேட் நடுவிலுள்ள ஸ்பிரிங் கூட்டை விட்டு வெளியே வந்து பிரஷர் பிளேட்டில் சிக்கியது. பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் விரல்கள் ஒன்று மேலே ஒன்று கீழே என்று உயரம் மாறி, வண்டி எடுக்கும்போது கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. மாட்டி ஒரு மாசத்தில் ரிலீஸ் பேரிங் கிரீஸ் காய்ந்து, பெடல் அமுக்கினாலே சில்வண்டுச் சத்தம். ஃபேஸிங் ரிவெட்டோடு பிய்ந்து வந்தது ஒன்றே ஒன்று, அது மலையில் போனது.

அதே நேரம் டவுன்வண்டி சொல்வதும் பொய் இல்லை. டவுனுக்குள் 40,000 ஓடிய லோக்கல் செட்டைப் பார்த்திருக்கிறேன். 15,000-த்தில் கருகிய ஒரிஜினலையும் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டுநருக்குக் கிளட்ச் பெடல்தான் கால் வைக்கிற திண்ணை.

மெக்கானிக்கல்_வாத்தியார்
மலையில் ஏன் போகிறது என்பதை ஒரு கணக்காகப் போட்டால் தெளிவாகும். பயப்படாதீர்கள், பரீட்சை இல்லை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். இருபது வளைவுகளில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்சுக்குத் தேய்மானமே இல்லை. முழுசாகப் பிடித்திருக்கும் பிளேட் பிளைவீலோடு (இன்ஜினோடு சுற்றும் கனச் சக்கரம்) சேர்ந்து சுற்றுகிறது, உரசல் இல்லை. பிரச்சினை நிற்கும்போதுதான்.

நாலு பேரோடு 1,100 கிலோ வண்டி. பத்துக்கு ஒன்று சரிவில், பிரேக் போடாமல், ஆஃப் கிளட்சில் (பெடலைப் பாதி மட்டும் அமுக்கி) பின்னால் போகாமல் பிடித்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இழுக்கும் விசை 1,080 நியூட்டன் அளவு. சக்கர ஆரம் 27 செ.மீ. என்றால் சக்கரத்தில் 290 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் மொத்தக் குறைப்பு ஏறத்தாழ 14 மடங்கு, ஆகக் கிளட்சில் 20 நியூட்டன் மீட்டர். வண்டி நகரவில்லை, இன்ஜின் 1,500 சுற்றில் ஓடுகிறது. பெருக்கிப் பார்த்தால் 3 கிலோவாட் சொச்சம். அத்தனையும் சூடாக அந்தச் சின்னத் தட்டுக்குள் இறங்குகிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்துத் தட்டில் கவிழ்த்த மாதிரி. ஒரு நிமிஷம் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

இந்த இன்ஜினின் உச்ச முறுக்கு விசை 90 நியூட்டன் மீட்டர்தான். எந்தப் புதுப் பிளேட்டும், லோக்கல் உட்பட, அதைத் தாங்கும். அதனால்தான் மாட்டிய அன்றைக்கு மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். சூடு ஏறும்போது ஃபேஸிங்கின் பிடிப்பு எவ்வளவு குறைகிறது, ஆறியதும் திரும்ப வருகிறதா என்பதில்தான் விலை தெரியும். டவுனில் அந்தச் சூட்டுக்கே போவதில்லை, டவுன்வண்டியின் மூன்று வருஷ ரகசியம் இதுதான்.

டவுன்வண்டி
சார், முதல் தடவையாக என்னைத் திட்டாமல் விளக்கியதற்கு நன்றி.

ஏற்காடு_டாக்ஸி
வாத்தியார் சொன்ன மூன்று இஸ்திரிப் பெட்டியை மே மாசம் கோடை விழாவில் நேரில் பார்க்கலாம். மேலே மலர்க் கண்காட்சி, கீழே வளைவுக்கு வளைவு கிளட்ச் வாடை. வெளியூர் வண்டி ஒவ்வொன்றும் ஆஃப் கிளட்சில் ஊஞ்சலாடிக்கொண்டு நிற்கும். குரங்கு கூட மூக்கைப் பொத்தாத குறை.

நான் செய்வது இவ்வளவுதான். முன்வண்டி நின்றால் ஹேண்ட்பிரேக், நியூட்ரல், காலை எடுத்துக் கீழே வைப்பேன். முன்னால் இருக்கிறவன் ரெண்டு அடி நகர்ந்தால் நானும் நகர மாட்டேன். ரெண்டு வண்டி நீளம் காலி ஆனதும் ஒரே மூச்சில் போவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். வளைவுக்குள் போய்க் கியர் தேடக் கூடாது, முன்னாலேயே ஒன்றாவது போட்டுவிட வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவர் வழிவிட வேண்டும், 2017-இல் வந்த ஓட்டுநர் விதிமுறையிலேயே இருக்கிறது. இறங்குகிறவர்களுக்கு இது தெரிந்தால் பாதிக் கிளட்ச் பிழைக்கும்.

மிளகு சார், நீங்க மூட்டையோடு வருகிற நாளில் குப்பனூர் வழியாகப் போய்ப் பாருங்களேன், கூட்டம் குறைவு.

நாகலூர்_மிளகு
மூட்டை இறங்கும்போதுதான் அண்ணா. ஏறும்போது மாமியார் மட்டும்.

ஏற்காடு_டாக்ஸி
அப்போ லோடு கணக்கில் நான் தலையிடவில்லை.

சங்ககிரி_லாரி
பிளேட்டை மட்டும் நல்லதாக வாங்கி, பிரஷர் பிளேட் பழசே இருக்கட்டும் என்றால் 3,200 ஆகாதே?

ஸ்பேனர்14
ஆகாது. ஆனால் பழைய பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு இருந்தால் புதுப் பிளேட்டை அது அரம் மாதிரி ராவும். விரல் நுனிகளும் பேரிங் தேய்த்துக் குழி விழுந்திருக்கும். மூன்றையும் சேர்த்து மாற்றுவது அதற்குத்தான். பிளைவீல் வேறு கதை. தட்டையாக இருந்தால் எமரி பேப்பர் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்தால் போதும். லேத்துக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால், விரிசலையோ பள்ளத்தையோ காட்டச் சொல்லுங்கள். அப்புறம், பழைய தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடும் பட்டறையில் பக்கத்தில் நிற்காதீர்கள், நுரையீரலுக்கு நல்லதில்லை.

(மூன்று நாள் கழித்து)

நாகலூர்_மிளகு
இறக்கியாகிவிட்டது. வீட்டுப் பக்கத்துப் பட்டறையில்தான், நானும் கூடவே நின்றேன்.

ஆச்சரியம் என்னவென்றால் பிளேட் தேயவே இல்லை! ரிவெட் தலைக்கு மேல் இன்னும் முக்கால் மில்லிமீட்டர் ஃபேஸிங் இருந்தது. ஆனால் முகம் முழுக்கக் கறுப்பாக, பளபளவென்று, தோசைக்கல் மாதிரி. கியர்பாக்ஸ் கூட்டுக்குள் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தது.

ஸ்பேனர்14
குளிரில் பிடித்துச் சூட்டில் விடுகிறது என்றபோதே இதுதான் என்று நினைத்தேன், பார்க்காமல் சொல்லக் கூடாதே என்று விட்டேன். அந்த எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பாருங்க. கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கும். நாற்றம் இல்லாமல் கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல்.

நாகலூர்_மிளகு
நாற்றம் இல்லை, கறுப்பு. பின் சீல்தான் என்கிறார் மெக்கானிக்கும். பிளேட் இவ்வளவு பாக்கி இருக்கிறதே, பெட்ரோலில் கழுவி மாட்டிவிடலாமா?

ஸ்பேனர்14
வேண்டாம். ஃபேஸிங் பஞ்சு மாதிரி எண்ணெயை உள்ளே குடித்துவிடும். மேலே கழுவினால் பத்து நாள் நன்றாக இருக்கும், சூடு ஏறியதும் உள்ளிருந்து திரும்பக் கசியும். சீலை மாற்றாமல் 4,300 செட்டையே மாட்டியிருந்தாலும் சில மாசத்தில் இதே தோசைக்கல்தான். அப்போது கம்பெனியைத் திட்டியிருப்பீர்கள். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே இன்புட் ஷாஃப்ட் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்க. சீல் விலை சில நூறுதான், மறுபடி இறக்குவதற்குத்தான் 2,500.

கவுன்ட்டர்காரன்
சீல் விஷயத்தில் மட்டும் கார் கம்பெனிப் பெட்டியே வாங்குங்கள், என் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. பழைய பிளேட்டில் என்ன பெயர் இருந்தது?

நாகலூர்_மிளகு
துடைத்துப் பார்த்தோம், பெயர் தெளிவாகவே இருந்தது. அதே பெயருள்ள பெட்டியை, அந்தக் கம்பெனியின் சொந்தப் பெட்டியிலேயே, 3,150-க்குப் பில்லோடு வாங்கினேன். பழைய பிளேட்டையும் புதுசையும் மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஸ்பிரிங் எண்ணிக்கை, பல், பொறிப்பு எல்லாம் ஒன்று. இரண்டு சீலும் லேபரும் சேர்த்து மொத்தம் 6,400 ஆனது. வேறு பட்டறையில் இதே வேலைக்கு 9,000-க்கு மேல் சொல்லியிருந்தார்கள்.

மெக்கானிக்கல்_வாத்தியார்
பழைய பிளேட்டை எறிந்துவிட்டீர்களா? வகுப்பில் காட்டக் கேட்கிறேன். எண்ணெய் குடித்த பிளேட் சுலபத்தில் கிடைக்காது.

நாகலூர்_மிளகு
எடுத்து வைத்திருக்கிறேன் சார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

(ஆறு வாரம் கழித்து)

நாகலூர்_மிளகு
பதினெட்டு தடவை ஏறி இறங்கியாயிற்று. பெடல் வெண்ணெய். போன சனிக்கிழமை பதினான்காவது வளைவில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். டாக்ஸி அண்ணன் சொன்ன மாதிரியே ஹேண்ட்பிரேக், நியூட்ரல், ரெண்டு வண்டி இடம் விட்டு ஒரே மூச்சு. பின்னால் ஒருத்தர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. மாமியாருக்கு எந்த வாடையும் வரவில்லை. அப்புறம் பக்கத்து வண்டியைக் காட்டி, "அங்கே யாரோ டயர் கொளுத்துறாங்க" என்றார்.

டவுன்வண்டி
மிளகு சார், ஒரு உதவி. மனைவி வீட்டு ஆட்கள் திருச்சியிலிருந்து வருகிறார்கள், இந்தச் சனிக்கிழமை அஞ்சு பேரோடு ஏற்காடு போகணுமாம். ஆல்டோதான். லோக்கல் செட் தாங்குமா?

ஸ்பேனர்14
செவ்வாய்க்கிழமை போங்க.